முதல் ஹாஃப் மாரத்தான்: முதல் 5 கிலோமீட்டரில் நடக்கும் தவறு

21.1 கிலோமீட்டர் ஓடும் எந்த ஹாஃப் மாரத்தானிலும் 17ஆவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஒருவர் சாலைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை நீவிக்கொண்டிருப்பார். இன்னொருவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தலை குனிந்து நடந்துகொண்டிருப்பார். கேட்டால், "நல்லாத்தான் ஓடிட்டிருந்தேன், திடீர்னு கால் நின்னு போச்சு" என்பார்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. பெரும்பாலும் முதல் 5 கிலோமீட்டரிலேயே அது ஆரம்பித்துவிட்டது.

சென்னையில் பல வருடமாக ஓடுகிறேன். புதிதாக ஓட வருகிறவர்களோடு சேர்ந்தும் ஓடியிருக்கிறேன். 21.1 கிலோமீட்டரைக் கண்டு பயப்படுகிற இவர்கள், அதன் முதல் கால் பகுதியைக் கண்டு பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

பந்தய நாள் காலையில் உடம்பு லேசாக இருக்கும். கடைசி இரண்டு வாரம் குறைவாக ஓடியதால் காலுக்கு நல்ல ஓய்வு கிடைத்திருக்கும். இருட்டு, கூட்டம், மைக்கில் பாட்டு, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் பறக்கிறார்கள். பயிற்சியில் கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் ஓடியவரின் கைக்கடிகாரம் ஆறரை காட்டும். ஆனால் மூச்சு வாங்காது. 'இன்னைக்கு உடம்பு நல்லா ஒத்துழைக்குது, ஓடிடலாம்' என்று தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். அந்த வேகத்தில் 5 கிலோமீட்டர் ஓடினால் மிச்சமாவது 5 நிமிடம். அதற்கு விலையாகக் கடைசி 6 கிலோமீட்டரை ஒன்பதரை நிமிட வேகத்தில், பாதி நடையும் பாதி ஓட்டமுமாக இழுத்தால் போவது 12 நிமிடம். நேரம் போவதைவிட, அந்த 6 கிலோமீட்டர் வலி பெரிது. அதோடு ஓட்டத்தையே விட்டவர்கள் உண்டு.

இதற்குக் காரணம் எளிது. வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பைக் குறைவாகவும், தசையில் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரையை அதிகமாகவும் எரிக்கும். அந்தச் சேமிப்புக்கு ஓர் அளவு உண்டு. வேகத்தோடு உடம்பின் சூடும் ஏறும். நம் கடற்கரை ஊர்களில் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு வியர்வை ஆவியாகாமல் சொட்டத்தான் செய்யும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஜனவரி விடியற்காலையிலும் சென்னையில் இதுதான் நிலைமை. ஆறரை மணிக்கு மேல் வெயிலும் வந்துவிடும்.

2023இல் சிகாகோவில் 2 மணி 0 நிமிடம் 35 விநாடியில் முழு மாரத்தான் ஓடி உலக சாதனை படைத்த கெல்வின் கிப்டமின் ஓட்டத்தைப் பாருங்கள். முதல் பாதி 60 நிமிடம் 48 விநாடி, இரண்டாம் பாதி 59 நிமிடம் 47 விநாடி. அவரே முதல் பாதியில் கொஞ்சம் அடக்கித்தான் ஓடியிருக்கிறார்.

அதனால் முதல் 3 கிலோமீட்டரை, திட்டமிட்ட வேகத்தைவிட 20, 30 விநாடி மெதுவாக ஓடுங்கள். தொடக்கக் கோட்டில் முன்னால் போய் நிற்காதீர்கள். உங்கள் நேரம், ஓடுகிற ஒவ்வொருவருக்கும் தரும் சிறு மின்னணு சிப்பில்தான் கணக்காகிறது, நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் அது ஓட ஆரம்பிக்கும். பலர் உங்களை முந்திப் போவார்கள், போகட்டும். 15ஐத் தாண்டியதும் அவர்களில் பாதிப் பேரை மறுபடி பார்ப்பீர்கள்.

பயிற்சியிலும் இதே அவசரம்

முதல் பந்தயத்துக்குத் தயாராகிறவர்கள் தினமும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் நேற்றைவிட இன்று நல்ல டைமிங் காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை. வாரத்தில் பெரும்பகுதி ஓட்டம், பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேசும் வேகத்தில் இருந்தால் போதும். பேச முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். தேவைப்பட்டால் நடங்கள். முதல் தடவை ஓடுகிறவருக்கு 4 நிமிடம் ஓடி 1 நிமிடம் நடப்பது நல்ல முறை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் முழங்கால் வலியும், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலியும் வருகின்றன. 'மூச்சு நல்லா இருக்கே, இன்னும் 5 கிலோமீட்டர் ஓடுவோம்' என்று நினைக்கும்போது கால் அதற்குத் தயாராக இருக்காது.

ஜனவரிப் பந்தயத்துக்குத் தயாராகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல், வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பயிற்சி சூடுபிடிக்கும் நேரத்தில்தான் மழை கொட்டும். இரண்டு வாரம் ஓட முடியாமல் போகும். அப்புறம் விட்டதைப் பிடிக்கிறேன் என்று 8 கிலோமீட்டரிலிருந்து நேரே 16க்குத் தாவுவார்கள். காயம்பட்டு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்ட கதை இது. விட்ட வாரம் விட்டதுதான். நிறுத்திய இடத்துக்கு ஒரு படி கீழேயிருந்து தொடங்குங்கள். பந்தயத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது 16 முதல் 18 கிலோமீட்டர் மெதுவாக ஓடியிருந்தால் 21ஐ முடித்துவிடலாம். 21ஐ முன்கூட்டியே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. கடைசி நீண்ட ஓட்டம் பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பே முடிந்துவிட வேண்டும்.

மழைக்காலத்தில் காய்ச்சலும் வரும். காய்ச்சலோடும், காய்ச்சல் விட்ட மறுநாளும் ஓடாதீர்கள். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையைப் பாதிக்கும், அந்த நேரத்தில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. கட்டிய பணம் போனால் போகட்டும். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரும் உப்பும்

தண்ணீரே குடிக்காமல் ஓடுவது தவறு என்று எல்லோருக்கும் தெரியும். அதிகமாகக் குடிப்பதும் ஆபத்து என்று பலருக்குத் தெரியாது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓட்டத்தை முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, 13 சதவீதம் பேருக்கு சோடியம் என்ற உப்புச் சத்து இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்கள், அதாவது இழந்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள், அவர்களில் அதிகம். மெதுவாக ஓடி, வழியில் ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்கிற புதியவர்களுக்கே இந்த ஆபத்து கூடுதல்.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. அதைவிடக் கூடுதலாகக் குடிக்கத் தேவையில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே ஓஆர்எஸ் கலந்ததாக இருக்கட்டும். பேப்பர் கப்பின் வாயை விரலால் கிள்ளி மடித்தால் சிறு மூக்கு மாதிரி வரும், ஓடிக்கொண்டே சிந்தாமல் குடிக்கலாம். கால் வலிக்கு முன்ஜாக்கிரதையாக ஐபுப்ரோஃபென் மாதிரியான மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மற்றபடி, பந்தய நாளில் புதிதாக எதுவும் கூடாது. பந்தயத்துக்கு முந்தின எக்ஸ்போ கண்காட்சியில் வாங்கிய புது ஷூ, கிட் பையில் வந்த டி-ஷர்ட், ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடுகிற பழக்கமில்லாத ஜெல், எல்லாமே அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முந்தின இரவு பருப்பும் காரமும் குறைவாக, இட்லியோ தயிர் சோறோ சாப்பிட்டுப் படுத்தால் காலையில் வயிறு தொல்லை தராது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக் காம்பு ஆகிய இடங்களில் வாசலின் தடவுங்கள். ஈரத் துணி இரண்டரை மணி நேரம் உரசினால் மார்பில் ரத்தமே வந்துவிடும், வெள்ளை டி-ஷர்ட்டில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு முடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிகாரம் 21.1 காட்டும்போது முடிவுக் கோடு இன்னும் இருநூறு, முந்நூறு மீட்டர் தள்ளி இருக்கலாம். பாதையை அளப்பது வளைவுகளின் உள்பக்கமாக, ஆகக் குறுகிய வழியில். நீங்களோ கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடியிருப்பீர்கள். அந்த முந்நூறு மீட்டருக்கும் கொஞ்சம் தெம்பு வைத்திருங்கள். முடித்ததும் சட்டென்று உட்காராதீர்கள், மயக்கம் வரும். மெடலை வாங்கிக்கொண்டு பத்து நிமிடம் மெதுவாக நடந்துவிட்டு அப்புறம் உட்காருங்கள்.