பாரிஸிலிருந்து லண்டனுக்கு: வான்வழித் தொலைவையும் பயண நேரத்தையும் கணக்கிடும் முறை

பிரான்சில் குடியேறிய உறவினர்களைப் பார்க்கப் புதுச்சேரியிலிருந்து பாரிஸ் செல்பவர்கள், லண்டனில் இருக்கும் பிள்ளையையோ தங்கையையோ அந்தப் பயணத்திலேயே பார்த்துவர விரும்பினால், இரு ஊர்களுக்கும் இடையிலான தொலைவையும் நேரத்தையும் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தொலைவு எளிது, நேரத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

முதலில் எந்த விமான நிலையம் என்பதை உறுதிசெய்ய வேண்டும். பாரிஸுக்கு வடகிழக்கில் ஷார்ல் தெ கோலும் தெற்கில் ஓர்லியும் இருக்க, 80 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பொவே நிலையத்துக்கும் பாரிஸ் என்றே சீட்டு விற்கிறார்கள். லண்டனுக்கோ ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன் என்று பட்டியல் நீளும். ஆகவே ஊர்ப்பெயரை நம்பாமல், சீட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஷார்ல் தெ கோல் வடக்கு அட்சரேகை 49.01, கிழக்குத் தீர்க்கரேகை 2.55 பாகையிலும், ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45 பாகையிலும் உள்ளன. அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் என்பதால், 2.46 பாகை வேறுபாட்டுக்கு 273 கிலோமீட்டர் வரும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், இந்த வட்டாரத்தில் அதன் ஒரு பாகை சுமார் 71 கிலோமீட்டர்தான். 3 பாகைக்கு 213. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால், கர்ணம் சுமார் 346 கிலோமீட்டர் என்று கிடைக்கும். பூமியின் வளைவையும் சேர்த்துச் செய்யும் துல்லியமான கணக்கு 348 தருகிறது. நம் தேவைக்கு இந்த வேறுபாடு பொருட்டல்ல.

நேரத்துக்கு, தொலைவை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லவும் மேலேறவும் இறங்கவும் 40 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். பாரிஸ்–லிஸ்பன் தடத்தின் 1,470 கிலோமீட்டருக்கு இம்முறையில் இரண்டரை மணி நேரம் வரும். அது கால அட்டவணையோடு ஒத்துப்போகிறது. லண்டனுக்கு 66 நிமிடம் வந்தாலும், இரு நிலையங்களும் நெரிசல் மிக்கவை என்பதால், அட்டவணையில் 75 முதல் 85 நிமிடம் வரை ஒதுக்குகிறார்கள். வானில் இருக்கும் நேரம் அதிலும் குறைவு. நாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தை எட்டுவதற்கே அதைவிட அதிக நேரமாகும்.

சீட்டில் அச்சிடப்படும் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். லண்டன் பாரிஸைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. எனவே 80 நிமிடப் பயணமாக இருந்தால், பாரிஸில் 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் லண்டனை 10.20க்கு அடைவதாகவும், லண்டனில் 9.00 மணிக்குப் புறப்படுவது பாரிஸை 11.20க்கு அடைவதாகவும் சீட்டில் இருக்கும். போகும்போது ஒரு மணி நேரத்தைக் கூட்டியும் திரும்பும்போது கழித்தும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறன்று இரு நாடுகளும் ஒரே வேளையில் கடிகாரத்தை மாற்றுவதால், இந்த வேறுபாடு ஆண்டு முழுவதும் மாறாது. ஆனால் இந்திய நேரத்தோடு ஒப்பிடும்போது மாறும்: பாரிஸ் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் நமக்குப் பின்னால் இருக்கும், லண்டனுக்கு இவற்றோடு மேலும் ஒரு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.