நீள்வட்ட ஜெட்டில் அச்சு மாறாத சிக்கல்

2:1 நீள்வட்ட நாசிலிலிருந்து, அதாவது நீளம் அகலத்தைப் போல இரு மடங்கான துளையிலிருந்து, பீறிட்டு வரும் ஜெட்டில் சற்றுத் தூரத்தில் நெட்டச்சும் (நீளமான அச்சு) குற்றச்சும் (குட்டையான அச்சு) இடம் மாற வேண்டும். என் எல்இஎஸ் கணக்கில் (பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் கணினி உருவகம்) ஜெட் வட்டமாகி அப்படியே நின்றுவிட்டது.

வலையில் சிக்காத சிறு சுழல்களுக்கான துணைவலை மாதிரியை மாற்றினேன், பக்க எல்லைகளைத் தள்ளி வைத்தேன், மெஷ்ஷை (கணக்கிடும் வலையை) எல்லாத் திசையிலும் இரட்டிப்பாக்கினேன். ஆறு நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் நாசில் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குற்றச்சுப் பக்கம் ஷியர் லேயருக்குள் (ஜெட்டின் ஓரத்தில் வேகம் சட்டென மாறும் மெல்லிய அடுக்கு) மெஷ்ஷின் கட்டங்கள், அதாவது செல்கள், 12. நெட்டச்சு முனைகளில் வெறும் 4, அதுவும் இரட்டிப்பாக்கிய பிறகு! வளைவு அதிகமான அந்த முனைகளில்தான் ஜெட்டின் ஓரத்தில் உருவாகும் சுழல் வளையம் வேகமாக முன்னே பாய்ந்து மடங்கும். அச்சு மாறுவதே அதனால்தான். அங்கே சுழல் கரைந்துபோனால் மற்ற இடத்தில் எவ்வளவு நுணுக்கம் இருந்தும் பயனில்லை.

முனைகளிலும் 14 செல்கள் வைத்தேன். நுழைவில் தட்டையான வேகத்துக்குப் பதில் ஓரத்தில் வேகம் படிப்படியாகக் குறையும் டான்ஹெச் (tanh) வளைவு கொடுத்தேன். அடுத்த ஓட்டத்திலேயே அச்சு மாறியது. நிம்மதி!