ஃப்ரீகேட் ஸ்கெட்ச்சில் வளைத்த மூலையைத் திருத்துவது எப்படி?

ஃப்ரீகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில், ஸ்கெட்ச்சில் (தட்டையான கோட்டுப்படத்தில்) மூலையை வளைப்பது ஒரு நொடி வேலை. அப்புறம் அதன் அளவை மாற்றப் போகும்போதுதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். ஒரு எண்ணை மாற்றினால் வரைந்த தகடு முழுக்கக் கோணிக்கொள்கிறது. இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு வில், அந்த வில்லின் முனைகளை முறிவில்லாமல் கோடுகளோடு பிணைக்கும் டேன்ஜென்ட் கட்டுகள் (கட்டு என்றால் வடிவத்தைப் பிடித்துவைக்கும் விதி): ஃபில்லட் என்ற மூலை வளைவு இவ்வளவுதான். கட்டுகளைப் பார்த்துத் திருத்தினால் எதுவும் கலையாது.

60-க்கு 40 மி.மீ. அளவில் ஒரு செவ்வகம் வரைந்து, நீள அகலத்துக்கு அளவு கொடுத்து, ஒரு மூலையை ஆதிப்புள்ளியில் பொருத்துங்கள். கோடுகள் பச்சையாகிவிட்டால் ஸ்கெட்ச் முழுதும் கட்டுப்பட்டுவிட்டது என்று பொருள்.

இப்போது ஃபில்லட் கருவியை எடுங்கள். மூலையைக் காப்பாற்றும் தேர்வு ஒன்று அதில் உண்டு. அதை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பழைய மூலைப்புள்ளி மறைந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டிருந்த 60, 40 என்ற அளவுகளும் கூடவே போய்விடலாம். தேர்வு இருந்தால், வளைவுக்கு வெளியே மூலை இருந்த இடத்தில் ஒரு புள்ளி நிற்கும், அளவுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். சரி, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள்.

பச்சை போய்விட்டதா? பயப்பட வேண்டாம். நான்கு வில்களுக்கும் இன்னும் ஆரம் சொல்லவில்லை, அதனால்தான். நான்கையும் தேர்ந்தெடுத்து 'ஈ' (E) விசையைத் தட்டினால் எல்லாம் சமமாகும். பிறகு ஒரே ஒரு வில்லுக்கு மட்டும் ஆரம் 5 என்று கொடுங்கள். பச்சை திரும்பி வரும். இனி அந்த 5-ஐ இருமுறை சொடுக்கி 8 ஆக்கினால் நான்கு மூலைகளும் சேர்ந்து மாறும்.

எந்த எண்ணும் போடலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தகட்டில் ஆரம் 20-ஐத் தொட்டதும் 40 மி.மீ. பக்கத்தில் நேர்கோடே மிஞ்சாது. தகட்டுக்குள் வெட்டியெடுக்கும் பள்ளத்தின் உள்மூலைகளுக்கு இன்னொரு வரம்பு உண்டு. என் முதல் வரைபடங்களில் ஒன்றில் உள்மூலைக்கு 2 மி.மீ. போட்டு அனுப்பினேன். பட்டறைக்காரர் 6 மி.மீ. விட்டமுள்ள கட்டரை (சுழன்று வெட்டும் கருவியை) எடுத்து என் கையில் வைத்து, "இது எப்படிங்க அந்த மூலைக்குள்ள போகும்?" என்று கேட்டார். அந்தக் கட்டருக்கு 3-க்குக் கீழே போக முடியாது, 3.5 கொடுத்தால் மூலையில் அது சிக்கி நிற்காமல் சீராகத் திரும்பும்.

ஒரு மூலையை மட்டும் வேறு அளவாக்க வேண்டுமா? அதன் அருகில் இருக்கும் சமக்குறியைத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டு, தனி ஆரம் கொடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம். சமக்கட்டு சங்கிலி மாதிரி போகிறது: முதல் வில்லுக்கும் இரண்டாவதற்கும் ஒன்று, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒன்று, இப்படி. நடுவில் இருக்கும் வில்லைக் கழற்றினால் சங்கிலி அறுந்து அக்கம்பக்கத்து வில்களும் தளர்ந்துவிடும்; அவற்றை மறுபடி சமமாக்க வேண்டும். அதனால், சமமாக்கத் தேர்ந்தெடுக்கும்போது, பின்னால் மாற்ற நேரலாம் என்று தோன்றும் மூலையின் வில்லைக் கடைசியாகச் சொடுக்குவது என் வழக்கம்.

வளைவே வேண்டாம், பழைய கூர்மூலைதான் வேண்டும் என்றால், முதலில் ஆரத்தின் அளவு எந்த வில்லில் இருக்கிறது என்று பாருங்கள். நீக்கப்போகும் வில்லிலேயே இருந்தால் அந்த அளவும் அதோடு போய்விடும். இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். வில்லை அழித்ததும் இரண்டு கோடுகளும் பாதியில் நிற்கும். ஒரு கோட்டின் முனையையும் அந்த மூலைப்புள்ளியையும் தேர்ந்தெடுத்து 'சி' (C) தட்டுங்கள், இரண்டும் ஒட்டிக்கொள்ளும்; மற்ற கோட்டுக்கும் அப்படியே. கட்டு மிகையாகிவிட்டது என்று எச்சரிக்கை வந்தால், மூலைப்புள்ளியைக் கோடுகள்மேல் உட்கார வைத்திருந்த பழைய கட்டுகளை நீக்கினால் போதும்.