காணிக்கைப் பையில் போட்டால் கணக்குத் தீராது

சென்ற மாதம் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. பாயான் லெப்பாஸில் வேலை. சப்ளையர் ஒருவர் கொடுத்த பணக் கவர் அவன் பையில் இருந்தது. "அக்கா, பாதியை மிஷனரி காணிக்கைக்குக் கொடுத்துட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை நான் எனக்குள்ளேயே கேட்டு, பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஜெபிக்காமல் இருப்பது, வேதத்தைத் திறக்காமல் வைத்திருப்பது எல்லாம் தவறு என்று நேற்று வந்தவருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லது செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே செய்கிற தவறுகள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

முதல் மாத வேகத்தில் ஓடுவது

புதிதாக வருகிறவர்கள் காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் உபவாசம். ஒரு நாளைக்குப் பத்து அதிகாரம். ஆதியாகமம் பறக்கும். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் வரும்போது மூச்சு வாங்கும். லேவியராகமத்தில் நின்றுவிடும். நின்றதும், தனக்கு விசுவாசமே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

வேதத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று படித்தால் பதின்மூன்று மாதத்தில் முடிந்துவிடும். அவசரம் ஒன்றும் இல்லை. எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த பிறகு, சூரைச்செடியின் கீழே படுத்து, சாக வேண்டும் என்று கேட்டான். வந்த தேவதூதன் அவனைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துச் சாப்பிடச் சொன்னான். எலியா மறுபடி தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். நைட் ஷிப்ட் முடித்துச் சோர்ந்து வருகிற பிள்ளைகளிடம் நானும் முதலில் சாப்பாட்டையும் தூக்கத்தையும்தான் விசாரிப்பேன்.

சமரசத்தைக் காணிக்கையால் ஈடுகட்டுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பினாங்குத் தீவில் ஒரு தொழிற்சாலையில் பர்ச்சேசிங் பிரிவில் கிளார்க். எதை வாங்கினாலும் மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும் என்பது விதி. அட்டைப்பெட்டி சப்ளை செய்தவர் ரொம்பத் தன்மையானவர். முதல் சீனப் பெருநாளுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சும், ஆபீஸில் எல்லாருக்கும் ஓர் அங்பாவும் (அன்பளிப்புப் பணம் வைத்த சிவப்புக் கவர்) கொண்டுவந்தார். உள்ளே 20 வெள்ளி (ரிங்கிட்). அடுத்த வருடம் 200 வெள்ளி, எனக்கு மட்டும். அப்புறம் ஒரு நாள், "உங்களுக்கு ஏன் சிரமம்" என்று மூன்று கொட்டேஷனையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். மற்ற இரண்டும் வேறு கம்பெனிகளின் பெயரில், விலை மட்டும் அவருடையதைவிடக் கொஞ்சம் கூட. மூன்று தாளிலும் 'டெலிவரி' என்ற சொல்லில் ஒரே எழுத்துப் பிழை. பார்த்தேன். ஃபைலில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த 200 வெள்ளியை அப்படியே காணிக்கைப் பையில் போட்டேன். தூக்கம் வந்தது. என்னைக் கெடுத்தது அந்தத் தூக்கம்தான்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கவரும் சபைக்கே போனது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு, பாடகர் குழுவுக்கு மைக், ஒரு விதவைத் தாய்க்கு வீட்டு வாடகை. ஒரு காசுகூட எனக்கென்று எடுக்கவில்லை என்பதில் உள்ளூர ஒரு பெருமை. அந்த இரண்டு வருடத்தில் என் அளவுக்குச் சபையில் ஓடியாடி வேலை செய்தவர் யாரும் இல்லை. கூட்டத்தில் எழுந்து கணீரென்று ஜெபிப்பேன். வீட்டில் தனியாக முழங்காலில் நின்றால் வார்த்தை வராது.

இஸ்ரவேலின் ராஜா சவுலின் கதை சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். அமலேக்கியரின் ஆடுமாடுகளை ஒன்றுவிடாமல் அழிக்க வேண்டும் என்பது கட்டளை. சவுல் கொழுத்ததாகப் பார்த்து நிறுத்திவைத்தான். தீர்க்கதரிசி சாமுவேல் வந்ததும், அவர் எதுவும் கேட்பதற்கு முன்பே, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று இவனே ஆரம்பிக்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார் சாமுவேல். பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்கிறான். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று அவர் சொன்னது அந்த இடத்தில்தான். அந்த அதிகாரத்தை அந்த வருடங்களிலும் நான் படித்தேன், ஞாயிறு பள்ளியில் நடத்தவும் செய்தேன். 'நான் எடுத்துக்கலையே' என்று யாரும் கேட்காமலேயே மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேனே, என் வீட்டு ஆட்டுச் சத்தம் அதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் வருடம் ஆடிட் வந்தது. நான் கொடுத்த கொட்டேஷன்களைக் கணினியில் ஏற்றியவள் எனக்குக் கீழே வேலை செய்த ஒரு பெண். பழி முதலில் அவள் மேல் விழுந்தது. நான் மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னபோது, அவள் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். என் வேலையும் போனது. ஆறு மாதத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது. அதற்கு முந்தின டிசம்பரில் அவளைக் கேரல் பாட்டுக்கு அழைத்துப் போனதும் நான்தான். "உங்க சபை நல்லா இருக்கு அக்கா" என்று சொன்னவள். மன்னிப்புக் கேட்க வீட்டுக்குப் போனேன். கேட் வரைக்கும் வந்து நின்றாள். திறக்கவில்லை. கம்பியில் தொங்கிய அந்தப் பித்தளைப் பூட்டு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

"நல்ல காரியத்துக்குத்தானே கொடுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மலேசியாவில் 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். இருபது ஆண்டுவரை சிறை உண்டு. கோயிலுக்குக் கொடுத்தேன், ஏழைக்குக் கொடுத்தேன் என்றால் சட்டத்தின் முன்னேயே எடுபடாது. வரி வசூலித்த சகேயுவைப் பாருங்கள். பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன் என்றதோடு அவன் நிற்கவில்லை. யாரிடம் அநியாயமாக வாங்கினானோ அவருக்கே நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன்: கவரைப் பிரிக்காதே, கொடுத்தவரிடமே திருப்பிக் கொடு, மேனேஜருக்கு எழுத்தில் தெரிவித்துவிடு. சபைக்கு ஒரு வெள்ளியும் வேண்டாம்.

பார்வோனோடு பேரம் பேசுவது

இஸ்ரவேலரைப் போகவிடு என்று மோசே கேட்டபோது, எகிப்தின் ராஜா பார்வோன் ஒரேயடியாக 'முடியாது' என்று சொல்லிக்கொண்டே இருக்கவில்லை. இந்த நாட்டிலேயே பலியிடுங்கள் என்றான். போங்கள், ஆனால் ரொம்பத் தூரம் போகாதீர்கள் என்றான். ஆண்கள் மட்டும் போங்கள் என்றான். கடைசியில் ஆடுமாடுகளை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள் என்றான். ஒரு குளம்பும் பின்வைக்கப்படுவதில்லை என்றான் மோசே. உங்களிடம் வருகிற பேரம் இதில் எத்தனையாவது என்று பாருங்கள். 20 வெள்ளி அங்பாவை வாங்கிய அன்று நான் முதலாவதில் இருந்தேன்.

முறைத்துக்கொண்டு நிற்பதையெல்லாம் விசுவாசம் என்று எண்ணுவது

எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பலருடைய வீட்டில் மற்ற எல்லாரும் இந்துக்கள். ஒரு பையன் தைப்பூசத்தன்று அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வந்தான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி இறங்கிய பாட்டியைக் காரில் வீட்டுக்குக் கூட்டிவர மாட்டேன் என்றிருக்கிறான். அவனைத் திருப்பி அனுப்பினேன். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தானியேல், பெல்தெஷாத்சார் என்ற பாபிலோனியப் பெயரை ஏற்றுக்கொண்டான், கல்தேயரின் எழுத்தைப் படித்தான், அந்த அரசனிடமே வேலை பார்த்தான். மறுத்தது அரசனின் போஜனத்தையும் திராட்சரசத்தையும். அதையும் கத்தி மறுக்கவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டான். பாட்டியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவது சமரசம் ஆகாது, தம்பி.

பாவத்தில் விழுந்த வாரம் சபைக்கு வராமல் இருப்பது

அந்த வாரம்தான் கட்டாயம் வர வேண்டும்.

சாட்சி சொல்ல அவசரப்படுவது

விசுவாசத்துக்கு வந்த கதையைச் சபை முன் சொல்வதற்கு ஒரு வருடம் போகட்டும்.

தனியாகச் சமாளிப்பது

என் நிலைமையை அந்த இரண்டு வருடமும் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதல் கவரிலேயே நின்றிருக்கும். இப்போது ஒவ்வொரு வியாழன் இரவும் சுங்கைப் பட்டாணியில் இருக்கிற ஒரு சகோதரிக்கு நான் போன் செய்கிறேன், பதினைந்து வருடமாக. நலம் விசாரித்து முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இந்த வாரம் எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டாய்?" தம்பிக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும் என்று எங்கள் மூப்பர் ஒருவரின் நம்பரை அவன் போனில் நானே பதிந்துகொடுத்தேன். வியாழன் எட்டரை மணிக்கு அழைக்கிறானாம்.