சிங்கப்பூர் லேஓவரில் ஒரு பகல்: புலாவ் உபின் போய்வரும் வழி

சென்னையிலிருந்து இரவு கிளம்பி, காலை 7 மணி வாக்கில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள். மறுநாள் காலை 8 மணிக்கு ஓட்டலிலிருந்து பிக்-அப், அதாவது அடுத்த விமானத்துக்கு அழைத்துப்போக வண்டி வரும்; நடுவில் கிடைக்கும் இந்த ஓய்வுதான் லேஓவர். கேபின் க்ரூவில் (விமானப் பணியாளர்களில்) புதிதாகச் சேர்ந்தவர்கள் இந்த ஒரு நாளுக்குள் நாலைந்து இடம் பார்க்க ஆசைப்பட்டு, எதுவும் மனதில் நிற்காமல் கால்வலியோடு திரும்புவார்கள். ஒரே ஒரு இடம் போதும். புலாவ் உபின் தீவு அதற்குத் தோதானது.

திட்டத்தைப் பிக்-அப்பிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். 8 மணிக்குப் பிக்-அப் என்றால் 6 மணிக்கு எழ வேண்டும். முந்தின இரவு 9.30-க்குப் படுக்கை. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அப்போது உடம்புக்கு மாலை 7 மணிதான். பகலில் வெகுநேரம் தூங்கிவிட்டால் இரவில் கண் மூடாது. அதனால் அறைக்கு வந்ததும் 9 மணிக்குப் படுத்து, 11.30-க்கு எழுந்துவிடுங்கள். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். தரையிறங்குவதற்கு முந்தைய சில மணி நேரம் காபி குடிக்காமல் இருந்தால்தான் இந்தத் தூக்கம் வரும்.

படுக்கும் முன் செய்ய வேண்டியவை மூன்று. அலமாரியில் பேன்ட் மாட்டும் கிளிப் ஹேங்கர் இருக்கும். அதை எடுத்துத் திரைச்சீலையின் இடுக்கைக் கவ்விவிடுங்கள். அந்த ஒரு கோடு வெளிச்சம் போதும் தூக்கத்தைக் கெடுக்க. பாஸ்போர்ட்டை லாக்கரில் வைக்கும்போது யூனிஃபார்ம் ஷூவில் ஒன்றையும் கூடவே வையுங்கள். அலாரத்தை உள்ளூர் நேரத்துக்கு வைத்து, போனில் நேரம் தானாக மாறியிருக்கிறதா என்று கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எம்ஆர்டியில் (மெட்ரோ ரயிலில்) தானா மேரா நிலையத்தில் இறங்கி, 2-ஆம் எண் பஸ் பிடித்தால் சாங்கி வில்லேஜ் வரை போகலாம். இரண்டிலும் வங்கி அட்டையைத் தட்டினால் போதும், தனி அட்டை வேண்டாம். இந்திய அட்டையென்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்து வைத்திருக்க வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாங்கி பாயின்ட் படகுத்துறை. தீவுக்குப் போகும் சிறு படகான பம்போட்டுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். வார நாள் மதியத்தில் ஆள் சேரக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் போக, வர அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். கட்டணம் ரொக்கம்தான், சில்லறை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள்.

தீவின் துறையில் இறங்கியதும் வாடகை சைக்கிள் கடைகள். பிரேக் இரண்டையும் அழுத்திப் பார்த்து, சீட் உயரத்தைச் சரிசெய்த பிறகே பணம் கொடுங்கள். வழியில் ஏற்ற இறக்கம் உண்டு. தீவின் கிழக்கு முனையிலுள்ள கடலோரச் சதுப்பு நிலமான செக் ஜாவாவின் வாசலில் சைக்கிளை விட்டுவிட்டு நடக்க வேண்டும். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். புறப்படுமுன் கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இருந்தால் மரப்பாலத்துக்கு அடியில் மணல்திட்டு முழுதாகத் தெரியும். நீர் ஏறியிருந்தால் வெறும் கடல்தான். அலையாத்திப் பகுதியில் பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். காலடி அதிர்வுக்கு வளைக்குள் ஓடிய நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். அவசரமாக நடப்பவர் கண்ணுக்கு இது படவே படாது. அங்குள்ள ஜெஜாவி பார்வைக் கோபுரம் சுமார் 20 மீட்டர் உயரம்; மேலே ஏறினால் இருவாச்சி பறப்பதை மர உச்சிகளின் மட்டத்திலேயே பார்க்க வாய்ப்புண்டு.

கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்கும் காட்டுப்பன்றியும் அதைச் சாப்பாடென்றே எடுத்துக்கொள்ளும். கொசுமருந்து பூசுங்கள். இடி கேட்டால் பாலத்திலும் கோபுரத்திலும் நிற்காதீர்கள். செக் ஜாவாவை 6 மணிக்கு மூடுவார்கள்; 5 மணிக்கே திரும்பினால் இருட்டுமுன் படகு கிடைக்கும்.

சாப்பாட்டுக்குச் சாங்கி வில்லேஜ் ஹாக்கர் சென்டர், பல சிறு கடைகள் ஒரே கூரையடியில் உள்ள உணவு வளாகம். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுக்குப் பேர்போன இடம். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். 'கோப்பி-ஓ கொசோங்' என்று கேட்டால் பாலும் சர்க்கரையும் இல்லாத கறுப்புக் காபி. அதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சிப்பி, பாதி வெந்த கடலுணவு வேண்டாம். பருப்பு, முட்டைகோஸ் போல வாயு உண்டாக்குவதையும் குறைப்பது நல்லது: 8,000 அடிக்கு இணையான கேபின் அழுத்தத்தில் வயிற்றுக் காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும்.

மதுவைத் தொடாமல் இருப்பதே நல்லது. இந்திய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஜிசிஏ-யின் விதி விமானத்துக்கு முந்தைய 12 மணி நேரம் குடிக்கக்கூடாது என்கிறது, ஆனால் மூச்சுச் சோதனையில் பூஜ்யம் வர வேண்டும்; அதிகம் குடித்திருந்தால் 12 மணி நேரம் காப்பாற்றாது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் கூடாது.

படுக்குமுன் ஒரு சின்ன நோட்டில் தேதி, விமான எண், நீர்மட்டம், பார்த்தது என்ன என்று நாலு வரி. எடுத்த படத்தை இணையத்தில் போடுவதென்றால் ஊர் திரும்பிய பிறகு. ஓட்டல் பெயரோ ஐடி கார்டோ அதில் தெரியக்கூடாது.

காலையில் ஒற்றை ஷூவோடு நின்று லாக்கரைத் திறப்பீர்கள். பாஸ்போர்ட் அங்கேயே இருக்கும்.