லிப்ட்டின் லாக் உட்கார்ந்துவிட்டதா? காருக்கு அடியில் போவதற்கு முன்

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுப் பழைய மாட்டுக்கொட்டகையை கார் ஷெட்டாக மாற்றி, அதில் காரைத் தூக்கி நிறுத்தும் இரட்டைத் தூண் லிப்ட் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பாவின் அம்பாசடருக்கு அடியில் ஜாக்கி வைத்துப் படுத்துப் படுத்து முதுகு ஒடிந்த பிறகு எடுத்த முடிவு. தரை போடுவதையும் போல்ட் அடிப்பதையும் இங்கே விளக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நம் டெல்டாக் களிமண் மழையில் ஊறிப் பருக்கும், கோடையில் பிளக்கும். அதன் மேல் நேராகக் கான்கிரீட் கொட்டாதீர்கள். களியை வெட்டி எடுத்து, மணலும் ஜல்லியும் நிரப்பித் திமிசு போட்ட பிறகே கான்கிரீட். 28 நாள் நன்றாக நீர் விட்டு ஆற விடுங்கள். கனமும் தரமும் லிப்ட்டோடு வந்த கையேட்டில் இருக்கும். அதைவிடக் குறைக்க வேண்டாம்.

இந்தப் பதிவு லாக்கைப் பற்றியது. காரைத் தூக்குவது ஹைட்ராலிக் எண்ணெய். தூக்கிய காரைத் தாங்கி நிற்க வேண்டியது எண்ணெய் அல்ல, இரும்பு. சீல் கசியலாம், ஹோஸ் வெடிக்கலாம். அதனால்தான் இரண்டு தூண்களுக்குள்ளும் ஏணிப்படி போலப் பற்கள் வைத்து, ஸ்பிரிங் தள்ளும் ஓர் இரும்பு நாக்கையும் வைத்திருக்கிறார்கள். கார் ஏற ஏற அந்த நாக்கு ஒவ்வொரு பல்லிலும் விழுந்து விழுந்து 'டக், டக்' என்று ஓசை எழுப்பும். அந்த ஓசை எரிச்சலாக இருக்கிறதென்று சில பட்டறைகளில், நாக்கை விலக்கும் லாக் லீவரைக் கம்பியால் இழுத்துக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கட்டிய லீவர் என்றால் லாக்கே இல்லை என்று பொருள்.

இனி வரிசையாகப் போவோம். காரைத் தாங்கும் லிப்ட்டின் நான்கு கைகளையும் காருக்கு அடியில் ஜாக்கி வைக்கும் இடங்களுக்கு நேராகக் கொண்டுவந்து, டயர் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும் வரை தூக்கி நிறுத்துங்கள். முன்னும் பின்னும் காரை அசைத்துப் பாருங்கள். கைகள் பக்கவாட்டில் நகராதபடி அவற்றின் மூட்டில் இருக்கும் பல்சக்கர லாக் விழுந்திருக்க வேண்டும். விழவில்லையென்றால் கையைச் சற்று ஆட்டினால் விழும். எல்லாம் சரியாக இருந்தால் வேண்டிய உயரத்துக்குத் தூக்குங்கள்.

அடுத்தது நான் தடுமாறிய இடம். முதல் சில மாதங்கள், 'டக்' என்று கேட்டதும் லாக் விழுந்துவிட்டது என்று நினைத்து மோட்டாரை நிறுத்திவிட்டு அடியில் போய்விடுவேன். அது தவறு. ஓசை கேட்டபோது நாக்கு பல்லைத் தாண்டியது, அவ்வளவுதான். பாரம் இன்னும் எண்ணெயின் மேல்தான் நிற்கிறது. மோட்டாரை நிறுத்திய பிறகு, லாக் லீவரைத் தொடாமல், இறக்கும் லீவரை மட்டும் மெதுவாக அழுத்துங்கள். கார் ஓரிரு விரற்கடை இறங்கி, 'தொம்' என்று உட்காரும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. அப்போதுதான் பாரம் இரும்புக்கு மாறியது என்று அறியலாம்.

உட்கார்ந்த பிறகு இரண்டு தூண்களையும் கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் ஐந்தாம் பல்லிலும் மறுபக்கம் நான்காம் பல்லிலும் உட்கார்ந்துவிடுவது உண்டு. நான் இரண்டு தூண்களிலும் ஒவ்வொரு பல்லுக்கும் நேராக மஞ்சள் பெயின்டில் எண் எழுதியிருக்கிறேன். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அடியில் போவேன். இதற்குக் கைபேசி விளக்கு உதவாது, நெற்றியில் கட்டும் விளக்கை வாங்கிக்கொள்ளுங்கள். தூணுக்குள் எட்டிப் பார்க்க இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும்.

இறக்கும்போது முதலில் காரை இரண்டு அங்குலம் மேலே தூக்க வேண்டும். அப்போதுதான் நாக்கின் மேல் இருக்கும் பாரம் விலகும். பிறகு லாக் லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறக்கும் லீவரை அழுத்துங்கள்.

இரண்டாம் ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு நாள் மாலை இப்படித்தான் இறக்கிக்கொண்டிருந்தேன். எதிர்த் தூணுக்குப் பக்கம் தள்ளி நின்ற தம்பி, "அண்ணா, நிறுத்துங்கள்! இந்தப் பக்கம் இறங்கவில்லை" என்று கத்தினான். என் பக்கம் நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. அவன் பக்கம் லாக்கிலேயே நின்றது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அம்பாசடர் என் பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு லீவரையும் விட்டுவிட்டு, மோட்டாரைப் போட்டு மறுபடியும் மேலே தூக்குங்கள். சாய்ந்த காருக்கு அடியில் போகவோ, கம்பியால் நாக்கை நெம்பவோ கூடாது.

காரணம் ஒரு மெல்லிய கேபிள். என் லிப்ட்டில் லீவர் ஒரு தூணில்தான் இருக்கிறது. மறுதூணின் நாக்கை ஒரு கேபிள் இழுக்கிறது. அது தளர்ந்தால் மறுபக்க நாக்கு முழுதாக விலகாது. அதிகமாக இறுகினாலோ முழுதாக உள்ளே விழாது, அது இன்னும் மோசம். இதோடு, இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குவதற்கென்று ஒரு ஜோடி வயர் ரோப் (இரும்புக் கம்பிக் கயிறு) இருக்கிறது. அதுவும் தளர்ந்திருந்ததால்தான் கார் அவ்வளவு சாய்ந்தது. வயர் ரோப் சரியாக இறுகியிருந்தால் சாய்வு குறைவாக இருந்திருக்கும். ஆனால் தூக்கிப் பிடிக்கும் வேலை முழுவதும் அந்த ரோப்பின் மேல் விழுந்திருக்கும்.

இப்போது மாதம் ஒருமுறை, கார் இல்லாமல் லிப்ட்டை மட்டும் ஏற்றிப் பார்க்கிறேன். இரண்டு தூணிலும் 'டக்' ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். முன்பின்னாகக் கேட்டால் வயர் ரோப் நட்டைக் கையேட்டில் சொன்னபடி சரிசெய்ய வேண்டும். பிறகு நெஞ்சளவு உயரத்தில் நிறுத்தி, ஒருவர் லீவரை இழுக்க, இன்னொருவர் மறுதூணில் நாக்கு முழுதாக விலகுகிறதா, விட்டதும் முழுதாக உள்ளே பாய்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டில் எது இல்லையென்றாலும் கேபிளைச் சரிசெய்யாமல் அன்று கார் ஏற்றுவதில்லை. வயர் ரோப்பில் பிசிறு இருக்கிறதா என்று துணியால் தடவிப் பாருங்கள், வெறுங்கையால் வேண்டாம், அறுத்துவிடும்.

நாக்கின் அச்சுக்கு மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு போதும். கிரீஸ் அப்பாதீர்கள். தை மாதம் சம்பா அறுவடை நடக்கும்போது எங்கள் ஷெட்டுக்குள் வரும் பதரும் தூசியும் கிரீஸில் ஒட்டிக் களியாக இறுகி, நாக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறது.

பின்சேர்க்கை: மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். கையால் அழுத்தும் லீவராக இருந்தால் இறக்குவதற்கு மின்சாரம் வேண்டாம், அருகில் உள்ள பல்லில் காரை உட்கார வைத்துவிடலாம். ஆனால் லாக்கிலிருந்து விடுவிக்க மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டார் வேண்டும். ஆகவே கார் மேலேயே இருக்கட்டும். 2018இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் பல ஊர்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்று நமக்குத் தெரியும். லாக்கில் ஒழுங்காக உட்கார்ந்த கார் அப்படி நாள்கணக்கில் நிற்கும். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் காரை முன்கூட்டியே கீழே இறக்கிவிடுங்கள். காந்த லாக், அதாவது மின்காந்தத்தால் நாக்கை விலக்கும் லாக், உள்ள லிப்ட்டில் விடுவிப்பதற்கும் மின்சாரம் தேவை.

இன்னொரு பின்சேர்க்கை: வேதாரண்யத்திலிருந்து எழுதிய வாசகர், உப்புக் காற்றில் நாக்கின் ஸ்பிரிங் துருவேறி வலுவிழந்துவிட்டதாகச் சொல்கிறார். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் மழைக்காலம் முடிந்ததும் ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாருங்கள். ஒன்று போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.