அமெரிக்க அதிபர் சிக்கனக்காரரா, செலவாளியா? நீங்களே கணக்குப் பார்க்க ஒரு வழி

குடியரசுக் கட்சி என்றால் சிக்கனம், ஜனநாயகக் கட்சி என்றால் வரியைப் போட்டு வாரி இறைப்பது. டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் இப்படித்தான் அடித்துச் சொல்வார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் ஒபாமா காலத்தில் கடன் எகிறிக்கொண்டு போகும். அதே வாரம் இன்னொரு குழுவில் ட்ரம்ப் காலத்துக் கடன் எகிறும். இரண்டிலும் எண்கள் சரிதான். ஆனால் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். நான் நியூஜெர்சியில் ஒரு மருந்துக் கிடங்கில் கணக்குப் பார்க்கிறவன். இந்த வாக்குவாதத்துக்கென்றே ஓர் எக்செல் தாள் வைத்திருக்கிறேன். அதை எப்படிப் போடுவது என்று சொல்கிறேன்.

எண்களை வெள்ளை மாளிகையின் மேலாண்மை, பட்ஜெட் அலுவலகம் வெளியிடும் வரலாற்று அட்டவணைகளிலிருந்து எடுங்கள். காசில்லாமல் எக்செல் கோப்பாகவே கிடைக்கும். அட்டவணை 1.1 டாலரில் இருக்கும். நமக்கு வேண்டியது 1.2. மத்திய அரசின் வரவு, செலவு, பற்றாக்குறை மூன்றும் ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், எத்தனை சதவீதம் என்று 1930 முதல் வரிசையாக இருக்கும். டாலரில் பார்த்தால் விலைவாசி ஏறுவதாலேயே, பின்னால் வந்தவர் எப்போதும் பெரிய செலவாளியாகத் தெரிவார்.

‘மொத்தக் கடன்’ என்ற எண்ணை வைத்து யாரையும் எடைபோடாதீர்கள். கிளின்டனின் 2000ஆம் நிதியாண்டில் உபரி மட்டும் 23,600 கோடி டாலர். ஆனாலும் அந்த ஆண்டு மொத்தக் கடன் கொஞ்சம் கூடியிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி (முதியோர் ஓய்வூதியத் திட்டம்) போன்ற நிதிகளில் மிஞ்சும் பணத்தை அரசின் கடன் பத்திரமான கருவூலப் பத்திரத்தில் போட்டுவைப்பார்கள். அரசு தனக்குத் தானே கொடுக்க வேண்டிய அந்தத் தொகையும் மொத்தக் கடனில் சேர்ந்துவிடும். கடனைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வெளியார் கையில் இருக்கும் கடனை மட்டும் பாருங்கள்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. பாதிச் சண்டை இதில்தான் வருகிறது. அதிபர் பதவியேற்பது ஜனவரி 20. நிதியாண்டு தொடங்குவதோ அதற்கு முந்தைய அக்டோபர் 1; முடிகிற ஆண்டின் பெயரால் அதைச் சொல்வார்கள். (1976க்கு முன்னால் ஜூலை 1.) ஆக, புதியவர் வந்து உட்காரும்போது பழையவர் போட்ட பட்ஜெட் ஓடிக்கொண்டிருக்கும். 2009ஆம் நிதியாண்டின் பற்றாக்குறை 1.41 லட்சம் கோடி டாலர். மச்சானின் படத்தில் இது முழுவதும் ஒபாமா தலையில் விழுகிறது. ஆனால் காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பட்ஜெட் அலுவலகம் ஒபாமா பதவியேற்பதற்கு முன்பே, அந்த ஜனவரியிலேயே, பற்றாக்குறை சுமார் 1.2 லட்சம் கோடி வரும் என்று சொல்லிவிட்டது. வங்கிகளைக் காப்பாற்றும் சட்டம் முந்தைய அதிபர் புஷ் காலத்து 2008 அக்டோபரில் வந்தது. பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட பொருளாதார ஊக்கத் திட்டத்தில் அந்த ஆண்டுக்குள் செலவான பங்கை மட்டும் அவர் பெயரில் எழுதலாம்.

என் விதி இதுதான்: பதவியேற்ற ஆண்டின் அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டுதான் புதியவரின் முதல் ஆண்டு. அதற்கு முந்தைய நிதியாண்டு ஒப்பிடுவதற்கான அடி ஆண்டு. இடைப்பட்ட எட்டு மாதத்தில் அவர் பெரிய சட்டம் எதிலாவது கையெழுத்திட்டிருந்தால் அதைத் தனியே எடுத்து அவர் பக்கம் சேர்த்துவிடுங்கள்.

சரி, இப்போது கட்சி முத்திரைக்கு வருவோம். ‘சிக்கனம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அதற்குள் இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன: வரியைக் குறைப்பேன், செலவைக் குறைப்பேன். இவற்றைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். முதலாவதை நிறைவேற்றினால் கைதட்டல் கிடைக்கும். இரண்டாவதை நிறைவேற்றினால் யாராவது ஒருவர் வயிற்றில் அடித்ததாக ஆகும். எது நடக்கும், எது நடக்காது என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

குடியரசுக் கட்சியின் ரீகனை வைத்தே போட்டுப் பார்க்கலாம், முத்திரைக்கே இலக்கணம் அவர்தானே. அடி ஆண்டு 1981, கடைசி ஆண்டு 1989. வரவு ஜிடிபியில் சுமார் 19 சதவீதத்திலிருந்து 18க்குக் கீழே இறங்கியது. செலவு இருபத்தொன்றரையிலிருந்து இருபதரைக்கு வந்தது. அதாவது செலவைக் குறைக்கவே இல்லை என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்வது சரியில்லை. ஆனால் வரவு அதைவிட அதிகமாகக் குறைந்தது. பற்றாக்குறை தொடக்கத்தில் இரண்டரை சதவீதம், 1983இல் கிட்டத்தட்ட 6, முடிவில் மறுபடி இரண்டரையைத் தாண்டி. எட்டு ஆண்டு ஓடியும் தொடங்கிய இடத்துக்குச் சற்று மேலேதான்.

இதன் பக்கத்தில் இன்னொரு பத்தி (நெடுவரிசை) திறந்து, அவர் கையெழுத்திட்ட சட்டங்களை எழுதுங்கள். 1981இல் பெரிய வரிக்குறைப்பு, உச்ச வருமான வரி 70 சதவீதத்திலிருந்து 50க்கு. 1982இல் பற்றாக்குறையைப் பார்த்துப் பயந்து வரி உயர்வு. அப்புறம் பெட்ரோல் வரி காலனுக்கு 4 சென்ட்டிலிருந்து 9 சென்ட். 1983இல் சோஷியல் செக்யூரிட்டியைக் காப்பாற்ற ஒரு சட்டம், அதிலும் வரி ஏற்றம். 1986இல் உச்ச வரி 28க்கு இறக்கம். நடுவில் ராணுவச் செலவு ஜிடிபியில் ஏறக்குறைய 5 சதவீதத்திலிருந்து 6க்கு. இவ்வளவையும் ஒரே தாளில் பார்த்த பிறகு ‘வரியே ஏற்றாத ரீகன்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் தாளில் இதற்கு நேர் எதிராக வரும். 1993இல் உச்ச வரியை 31லிருந்து 39.6 ஆக்கினார். அந்தச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 218க்கு 216 என்று தப்பியது. செனட்டில் துணை அதிபர் அல் கோர் வந்து வாக்களித்த பிறகுதான் நிறைவேறியது. குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லை. ‘வரி போடும் கட்சி’ என்பது இதுவரை பொருந்துகிறது. ஆனால் செலவுப் பத்தியில் 1993இல் சுமார் 21 சதவீதம், 2001இல் பதினேழரைக்குப் பக்கம். 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டும் உபரி. செலவைக் குறைத்ததில் ரீகனைத் தாண்டியவர் இவர்தான்.

உடனே புகழ் முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். நிதிச் சட்டம் காங்கிரஸின் கையில் இருக்கிறது. அதனால் எந்தச் சபை எந்தக் கட்சியிடம் இருந்தது என்று ஒரு பத்தி போடுங்கள். ரீகனின் எட்டு ஆண்டும் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. கிளின்டனுக்கு 1995 முதல் இரண்டு சபையும் எதிர்க்கட்சியிடம். 1997 பட்ஜெட் சமநிலைச் சட்டம் இரு தரப்பும் பேசி முடித்தது. பனிப்போர் முடிந்து ராணுவச் செலவு இறங்கியதும், இணையப் பங்குகள் கொழித்து வரி கொட்டியதும் அதே காலத்தில்தான். பொருளாதாரத்துக்கும் ஒரு பத்தி வேண்டும்: மந்தம் வந்தால் அதிபர் யாராக இருந்தாலும் வரவு விழும், வேலையில்லாதோர் உதவி ஏறும்.

அந்தப் பத்தி இல்லாவிட்டால் ட்ரம்பின் முதல் ஆட்சியைச் சரியாகப் படிக்க முடியாது. 2020ஐ ஒதுக்கிவிடுங்கள், அது கோவிட். 2017க்கும் 2019க்கும் நடுவில் பாருங்கள். வேலையின்மை 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. பற்றாக்குறை குறைய வேண்டிய நல்ல காலம். ஆனால் ஜிடிபியில் சுமார் மூன்றரை சதவீதமாக இருந்தது நாலரையைத் தாண்டிவிட்டது. நிறுவன வரி 35லிருந்து 21 ஆனது. 2018 பிப்ரவரியில் ராணுவச் செலவுக்கும் மற்றச் செலவுக்கும் இருந்த உச்சவரம்பு இரண்டையும் தளர்த்தினார்கள். முதல் வாக்குறுதி தேறியது, இரண்டாவது அதோகதி.

பைடன் தாளில் ஒரு பொறி இருக்கிறது. 2022இல் பற்றாக்குறை 1.38 லட்சம் கோடி, 2023இல் 1.70 லட்சம் கோடி. மாணவர் கடன் தள்ளுபடிக்காக 2022 செப்டம்பரில் 37,900 கோடி டாலரைச் செலவாக எழுதினார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்ததும் பெரும்பகுதியைத் திருப்பி எழுதினார்கள். கையிலிருந்து போகாத பணம் ஓர் ஆண்டைக் கூட்டிக் காட்டியது, அடுத்த ஆண்டைக் குறைத்துக் காட்டியது. அந்தப் பதிவை நீக்கினால் 1 லட்சம் கோடியிலிருந்து 2 லட்சம் கோடி, அதாவது இரண்டு மடங்கு. அதற்கு முன் 2022இல் பற்றாக்குறை பாதியாகக் குறைந்ததும் பெரும்பாலும் கோவிட் உதவிகள் முடிந்ததால்தான். 2021 மார்ச்சில் அவர் கையெழுத்திட்ட 1.9 லட்சம் கோடி உதவிச் சட்டத்தை, என் விதிப்படி, 2021இலிருந்து எடுத்து இவர் பக்கம் எழுத வேண்டும்.

ட்ரம்பின் இரண்டாவது தாளுக்கு அடி ஆண்டு 2025. அதில் பாதியில் வந்த இறக்குமதித் தீர்வை வரவை மட்டும் பிரித்து அவர் பெயருக்கு மாற்றுங்கள். 2025 ஜூலை 4 அன்று அவர் கையெழுத்திட்ட வரிச் சட்டம் பத்தாண்டில் சுமார் 3.4 லட்சம் கோடி பற்றாக்குறையைக் கூட்டும் என்பது காங்கிரஸ் பட்ஜெட் அலுவலகத்தின் மதிப்பீடு. அதைச் சட்டப் பத்தியில் எழுதி, வரவு செலவுக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். அவருடைய முதல் ஆண்டான 2026 நிதியாண்டு செப்டம்பர் 30ஆம் தேதி முடியும். அக்டோபரில் கருவூலத்தின் மாதாந்தர அறிக்கையில் எண் வரும், அப்போது நிரப்பிக்கொள்ளலாம்.